கவிதைக்கு ஆடை தைத்தவர்: ழான் கொக்தோ

பெரிய ஆடை நிறுவனங்கள் தங்கள் புதிய உடைகளை மேடையில் அணிவகுத்துக் காட்டுவதோடு இப்போது நிறுத்திக்கொள்வதில்லை. காட்டுக்குள்ளும் கடலோரத்திலும் பாழடைந்த கோட்டைகளிலும் படக்கருவியைக் கொண்டுபோய், தேவதைக் கதைகளைப் போன்ற குறும்படங்களாக அவற்றை எடுக்கின்றன. பாசி படர்ந்த மரத்தடியில் நீண்ட பட்டாடை அணிந்த ஒரு பெண் நடந்து போவாள். பின்னணியில் யாரோ கவிதை வாசிப்பார்கள். பனிமூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் குதிரை தெரியும். அவ்வளவுதான் படம். இத்தகைய படங்களை நான் விரும்பிப் பார்ப்பவள். ஆனால் பத்தில் ஒன்பது மறுநாளே மறந்துவிடுகின்றன. ஏதோ ஒன்று மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. ஏன் அந்த ஒன்று மட்டும் தங்குகிறது என்ற கேள்வியோடு தேடத் தொடங்கிய என்னை, அந்தத் தேடல் 1963ஆம் ஆண்டில் மறைந்த ஒரு பிரெஞ்சுக் கவிஞரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் பெயர் ழான் கொக்தோ.

கவிஞர், நாவலாசிரியர், நாடக ஆசிரியர், ஓவியர், திரைப்பட இயக்குநர் என்று அவரைப் பற்றிய நூல்கள் பட்டியலிடுகின்றன. அவரோ தம்மைக் கவிஞர் என்று மட்டுமே சொல்லிக்கொண்டார். தம் படைப்புகளை வகைப்படுத்தியபோதுகூட நாவலில் கவிதை, நாடகத்தில் கவிதை, கோட்டோவியத்தில் கவிதை, திரையில் கவிதை என்றே பிரித்தார். கவிதை என்றால் வரிகளாக அச்சிடப்படுவது என்று நினைக்கும் நமக்கு அவருடைய வாழ்க்கை சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அலாவுதீன் விளக்கோடு தொடங்கியவர்

கொக்தோ 1889ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள மெசோன்-லாபீத் என்னும் ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை வழக்கறிஞர், ஓவியம் வரைவதிலும் நாட்டம் உடையவர். கொக்தோவுக்கு 9 வயது நிறைவதற்கு முன்பே, 1898இல், அந்தத் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

தாய் மாலை வேளைகளில் நாடகம் பார்க்கப் போவார். அதற்காக அவர் ஆடை அணிந்து ஆயத்தமாவதைச் சிறுவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். நாடக அரங்கின்மீது தமக்கு ஏற்பட்ட தீராத மயக்கத்துக்கு அதுவே தொடக்கம் என்று பின்னாளில் கொக்தோ நினைவுகூர்ந்தார். அரங்குக்குள் கால் வைப்பதற்கு முன்பே அரங்கு அவருடைய வீட்டில், தாயின் உடையில் தொடங்கிவிட்டது. ஆடை அவருக்கு ஒருபோதும் வெறும் அலங்காரமாகத் தோன்றாததற்கு இதைக் காட்டிலும் நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிப் படிப்பில் அவர் தேறவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கான தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். ஆனால் 1908இல், 18 வயதில், பாரிஸ் அரங்கு ஒன்றில் அவருடைய கவிதைகள் பலர் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு முதல் தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் 'அலாவுதீனின் விளக்கு'. செல்வர்களின் விருந்தறைகளில் அவர் செல்லப்பிள்ளையானார். அந்தத் தொடக்கக் காலத் தொகுப்புகளைப் பின்னாளில் அவரே தம் படைப்புகளாக ஏற்க மறுத்தார். எளிதில் கிடைத்த கைத்தட்டலுக்கு எழுதியவை அவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நீலக் கடவுள்

அவரை மாற்றியவர் ரஷ்ய நடனக் குழுவின் தலைவர் தியாகிலெவ். பாரிசில் புயலைப் போல நுழைந்த அந்தக் குழு நடனம், இசை, ஓவியம், ஆடை ஆகியவற்றை ஒரே கலையாகக் கலந்து காட்டியது. அக்குழுவுக்காக 1912இல் கொக்தோ மற்றொருவருடன் சேர்ந்து ஒரு நடன நாடகத்துக்குக் கதை எழுதினார். பெயர் 'நீலக் கடவுள்'. களம் இந்தியா. கண்ணனின் நிறத்தை உடல் முழுதும் பூசிக்கொண்டு அந்தக் கடவுளாக ஆடியவர் புகழ்பெற்ற நிஜின்ஸ்கி. ஆடைகளை வடிவமைத்தவர் லெயோன் பாக்ஸ்ட்.

கண்ணைப் பறிக்கும் ஆடைகள் இருந்தும் நாடகம் தோற்றது. நிஜின்ஸ்கி அணிந்த உடை இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்த இந்தியா துணியால் மட்டுமே ஆனது. அதற்குள் ஊரும் இல்லை, மனிதரும் இல்லை. அழகான ஆடையை நல்ல விளக்கொளியில் நிறுத்திவிட்டால் கதை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது. பனிமூட்டமும் பட்டாடையும் இருந்தும் நெஞ்சில் தங்காத இன்றைய குறும்படங்களின் நோயும் இதுவே.

தம்மை வியப்பில் ஆழ்த்திக் காட்டும்படி தியாகிலெவ் ஒருநாள் இந்த இளைஞருக்குச் சவால் விட்டதாகக் கொக்தோ வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அதற்கு அவர் கொடுத்த பதில் 1917இல் அரங்கேறிய 'பராத்'. எரிக் சாத்தியின் இசை, பிக்காசோவின் திரைச்சீலையும் ஆடையும், கொக்தோவின் கதை. தெருவோரக் கூத்தாடிகள், தட்டச்சுப் பொறியின் ஓசை, அட்டைப் பெட்டிகளை அடுக்கியது போன்ற உடைகள் என்று எல்லாமே புதிது. பார்வையாளர் சிலர் கூச்சலிட்டார்கள். அதற்கு முன் கொக்தோ முதல் உலகப் போரின் களத்துக்கே மருத்துவ ஊர்தி அணியோடு சென்று திரும்பியிருந்தார். விருந்தறைக் கவிஞர் மறைந்து, வேறு ஒருவர் உருவாகிவிட்டார்.

இழப்பும் அபினும்

1920களின் தொடக்கத்தில் ரேமோன் ரதிகே என்னும் இளம் எழுத்தாளர் கொக்தோவின் வாழ்வின் மையமாக இருந்தார். 1923 டிசம்பரில், 20 வயதில், டைபாய்டு காய்ச்சல் ரதிகேயைக் கொண்டுபோனது. அந்தத் துயரத்தில் கொக்தோ அபினில் விழுந்தார். அதிலிருந்து மீளப் பலமுறை சிகிச்சை பெற்றார். முழுதாக மீண்டார் என்று சொல்ல முடியாது. 1929இல் சிகிச்சை இல்லத்தில் இருந்தபோதே, சில வாரங்களுக்குள், அவருடைய மிகச் சிறந்த நாவலான 'லே ஸான்ஃபான் தெரீப்ல்' எழுதி முடிக்கப்பட்டது.

இந்தக் காலத்தில்தான் ஆடை உலகோடு அவருக்கு உறுதியான நட்பு ஏற்பட்டது. 1922இல் அவர் எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்துக்குக் கோகோ ஷனேல் ஆடை தந்தார். 1924இல் 'நீல ரயில்' என்ற நடன நாடகத்துக்கும் அவரே ஆடை வடிவமைத்தார். நீச்சல், டென்னிஸ், கோல்ஃப் விளையாட்டுகளுக்கு உரிய உடைகளோடு நடனக் கலைஞர்கள் மேடையேறினார்கள். பழைய கிரேக்கக் கதையானாலும் புதிய கடற்கரையானாலும், உடலுக்கும் அசைவுக்கும் ஏற்ற உடையே வேண்டும் என்பதைக் கொக்தோ ஷனேலின் வேலையிலிருந்து அறிந்துகொண்டார் என்றே நான் நினைக்கிறேன்.

1930இல் செல்வர் ஒருவர் கொடுத்த பணத்தில் தம் முதல் படமான 'ஒரு கவிஞனின் குருதி'யை எடுத்தார். அது 1932இல் வெளிவந்தது. அதில் உயிர்பெற்றுப் பேசும் சிலையாக நடித்தவர் லீ மில்லர். ஆடை இதழ்களின் அட்டைகளில் இடம்பெற்ற அழகி அவர். பின்னாளில் போர்க்களப் புகைப்படக் கலைஞராகப் பெயர் பெற்றார். சிலையின் சொல்லைக் கேட்டுக் கவிஞன் ஒரு நிலைக்கண்ணாடிக்குள் பாய்கிறான். கண்ணாடி நீராகச் சிதறுகிறது. அங்கே உண்மையிலேயே நீர் நிரம்பிய தொட்டிதான் இருந்தது. மாயத்தை மாயத்தால் செய்ய முடியாது, கையில் இருக்கும் பொருளால்தான் செய்ய முடியும் என்ற பாடம் அவருக்கு அப்போதே கைவந்திருந்தது.

நம் கரையைத் தொட்ட பயணம்

1936இல் கொக்தோ 80 நாளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். ஜூல்ஸ் வெர்னின் புகழ்பெற்ற நாவலில் வரும் நாயகன் போன வழியைத் தாமும் பின்பற்றுவது திட்டம். ஒரு பாரிஸ் நாளிதழ் அதற்கு ஏற்பாடு செய்தது. பம்பாய், கல்கத்தா, ரங்கூன் என்று வந்தவர் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடந்து ஹாங்காங் சென்றார். சீனக் கடலில் ஒரு ஜப்பானியக் கப்பலில் சார்லி சாப்ளினைச் சந்தித்தார். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாத நிலையிலும் இருவரும் மணிக்கணக்கில் உரையாடினார்கள். ஊமைப் படத்தில் உலகை ஆண்டவருக்கும் உருவங்களால் கவிதை எழுதியவருக்கும் அது பெரிய தடையாக இருந்திருக்காது.

அந்தப் பயணம் 1937இல் நூலாக வந்தது. பினாங்குத் துறைமுகத்திலும் சிங்கப்பூர்த் தெருக்களிலும் நம் பாட்டன் பூட்டன்மார் மூட்டை சுமந்துகொண்டிருந்த நாள்களில், துணியால் மட்டுமே இந்தியாவைக் கண்டிருந்த 'நீலக் கடவுள்' ஆசிரியர் இவ்வழியாகக் கடந்து போனார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

துணியின்மேல் வரைந்த கோடு

ஊர் திரும்பிய பிறகு, 1937இல், ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லிக்காகக் கொக்தோ சில கோட்டோவியங்களை வரைந்து கொடுத்தார். லெசாஜ் பூத்தையலகத்தின் கைவினைஞர்கள் அவற்றைத் துணியில் தைத்தார்கள். ஒரு மேலங்கியின் முதுகில் எதிரெதிரே பார்க்கும் இரு முகங்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்த முகங்களுக்கு இடைப்பட்ட வெளி ஒரு பூச்சாடியாக மாறும். அதன்மேல் ரோஜாக்கள் குவிந்திருக்கும். இன்னொரு சட்டையில் ஒரு பெண்ணின் பொன்னிறக் கூந்தல் சட்டைக் கையின் நீளம் முழுதும் வழிந்து இறங்கும். அந்த மேலங்கி ஒன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஒரு வரி இரு பொருள் தருவதைச் சிலேடை என்று நாம் படிக்கிறோம். அந்த மேலங்கியில் ஒரே கோடு முகமாகவும் சாடியாகவும் நிற்கிறது. துணியில் தைத்த சிலேடை என்று அதைச் சொன்னால் பொருந்தும்.

இருண்ட ஆண்டுகள்

கொக்தோவைப் பற்றி எழுதும்போது மென்று விழுங்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. 1940இல் ஜெர்மானியப் படை பாரிசைக் கைப்பற்றியது. கொக்தோ அந்த ஆண்டுகளில் பாரிசில் தம் கலைப் பணியைத் தொடர்ந்தார். 1942இல், ஹிட்லருக்கு மிகவும் பிடித்த சிற்பி ஆர்னோ பிரேக்கரின் கண்காட்சி அங்கே நடந்தபோது, அவரைப் புகழ்ந்து வார இதழில் எழுதினார். அதே ஆண்டில்தான் பாரிஸ் நகரத்து யூதர்கள் ஆயிரக்கணக்கில் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஜெர்மானியரோடு ஒத்துப்போன இதழ்கள் கொக்தோவையும் அவருடைய அன்புத் துணைவரான நடிகர் ழான் மரேயையும் ஓயாமல் இழிவுபடுத்தின. ஆதிக்கப் படையின் ஆதரவாளர்கள் தெருவில் அவரை அடித்தார்கள். 1944இல் அவருடைய பழைய நண்பரும் யூதக் குடியில் பிறந்தவருமான கவிஞர் மாக்ஸ் ஜாகோப் கைதானபோது அவரை விடுவிக்கக் கொக்தோ மனு எழுதினார். பயனில்லை, ஜாகோப் திரான்சி முகாமிலேயே இறந்தார். விடுதலைக்குப் பிறகு நடந்த விசாரணைகளில் கொக்தோ குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

விசாரணை விடுவித்தது என்பதற்காக நாமும் கேள்வியை விட்டுவிட முடியாது. அழகு எங்கே இருந்தாலும் அதை வணங்குவேன் என்பது கலைஞருக்கு எளிய கொள்கை. அந்த அழகு யாருடைய கொடியின் கீழ் நிற்கிறது என்று பார்க்க மறுத்தால், கலை தன் கண்ணையே கட்டிக்கொள்கிறது. கொக்தோவின் கலையை நான் நேசிக்கிறேன். பிரேக்கரைப் பற்றி அவர் எழுதியதை அந்த நேசத்தால் மறைக்க விரும்பவில்லை.

கம்பிப் பொம்மைகளின் அரங்கு

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றது. ஆனால் துணி இல்லை, நிலக்கரி இல்லை, உணவும் பங்கீட்டில்தான். ஆடைத் தலைநகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. அப்போது ஆடையகங்கள் சேர்ந்து ஓர் அரிய வேலை செய்தன. முழு அளவு உடைக்குத் துணி இல்லாததால், மனித உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரமுள்ள கம்பிப் பொம்மைகளைச் செய்து, அவற்றுக்கு ஆடை தைத்தன. பொத்தான், கையுறை, காலணி எல்லாம் அந்த அளவிலேயே, ஒரு தையலும் குறையாமல் செய்யப்பட்டன.

ஓவியர் கிறிஸ்தியான் பெரார் தலைமையில் கலைஞர்கள் அந்தப் பொம்மைகளுக்கு அரங்கம் அமைத்தார்கள். 1945 மார்ச்சில் லூவ்ர் அரண்மனைக் கட்டடத்தின் ஒரு பகுதியில் 'ஆடை அரங்கம்' என்ற அந்தக் கண்காட்சி திறந்தது. சுமார் 100,000 பேர் வந்து பார்த்தார்கள். வசூல் போர் நிவாரணத்துக்குச் சென்றது. கொக்தோ அமைத்தது கூரை இடிந்து எரியும் ஓர் அறை. உள்ளே மாலை நேர உடையில் பொம்மைகள். மேலே துடைப்பக் கட்டையில் பறக்கும் ஒரு சூனியக்காரி. நகரங்கள் எரிந்து அணைந்த ஆண்டில், எரியும் அறைக்குள் தேவதைக் கதையைக் கொண்டுவந்து வைத்தார் அவர். அந்தப் பொம்மைகள் இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அழகியும் விலங்கும்

அதே 1945 ஆகஸ்டின் இறுதியில், 56 வயதில், கொக்தோ தம் வாழ்வின் மிகப் பெரிய வேலையைத் தொடங்கினார். 'அழகியும் விலங்கும்' என்ற அந்தப் படத்தை எடுக்கத் தூண்டியவர் ழான் மரே. 1756இல் திருமதி லெப்ரேன்ஸ் தெ போமோன் குழந்தைகளுக்காக எழுதிய கதை நமக்கும் தெரிந்ததுதான். விலங்கின் தோட்டத்தில் தந்தை பறித்த ஒரு ரோஜாவுக்கு ஈடாக, அவருடைய கடைசி மகள் விலங்கின் கோட்டைக்குப் போகிறாள், அஞ்சுகிறாள், இரங்குகிறாள், அன்பு கொள்கிறாள்.

நம் சங்கத்தின் நாடகங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆடை, ஒப்பனைப் பொறுப்பில் இருந்தவள் என்பதால், இந்தப் படம் உருவான விதத்தைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு வரியும் தெரிந்த வேலையாகவே பட்டது. படப்பிடிப்பின்போது கொக்தோ எழுதிய நாட்குறிப்பு 1946இல் நூலாக வந்தது. அதில் கலைத் தத்துவம் கொஞ்சம். படுக்கை விரிப்பைப் பற்றிய கவலை நிறைய.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அழகியின் வீட்டு முற்றத்தில் துவைத்த விரிப்புகள் கொடியில் தொங்கும் காட்சி ஒன்று உண்டு. போர் முடிந்த நாட்டில் ஒட்டுப்போடாத வெள்ளை விரிப்புகளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. படச்சுருள் வெவ்வேறு தரத்தில் கிடைத்தது. படப்பிடிப்புக் கூடத்தில் மின்சாரம் திடீர் திடீரென நின்றது. அருகில் பயிற்சி செய்த விமானங்களின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுத்தது.

இந்தப் பற்றாக்குறைக்கு நடுவே ஆடை விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. பெரார் வடிவமைத்த உடைகளைப் பாரிசின் பழம்பெரும் ஆடையகமான பக்கேன் தைத்துக் கொடுத்தது. அங்கே அப்போது வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பியேர் கார்தான். விலங்கின் உடை கனத்த வெல்வெட்டும் மணிகளும் நிறைந்தது. அதன் முகம் மயிரை இழை இழையாகப் பதித்துச் செய்யப்பட்டது. முகத்துக்கும் கைகளுக்கும் ஒப்பனை முடிய மரே நாள்தோறும் ஏறத்தாழ 5 மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த முகமூடிக்குள்ளிருந்து தெரிந்தவை அவருடைய கண்கள் மட்டுமே. படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கண்களே போதுமானவையாக இருந்தன.

அழகியின் வீட்டுக் காட்சிகள் லுவார் ஆற்றங்கரையில், ரொஷ்கொர்போன் என்ற ஊரின் ஒரு பழைய பண்ணை வீட்டில் எடுக்கப்பட்டன. விலங்கின் தோட்டக் காட்சிகள் பாரிசுக்கு வடக்கே ராரே கோட்டையில் எடுக்கப்பட்டன. அங்கே மதில்மேல் கல்லால் ஆன வேட்டை நாய்கள் வரிசையாக நிற்கும். கொக்தோ அவற்றைப் புதிதாகச் செய்யவில்லை, இருந்ததைக் கண்டுகொண்டார். நம் அகப்பாடல்களில் மரமும் பூவும் பறவையும் பின்னணிக்கு வருவன அல்ல, உணர்வைச் சுமக்க வருவன என்று வகுப்பில் படித்திருக்கிறோம். ராரேயின் கல் நாய்கள் எனக்கு அப்படித்தான் தோன்றுகின்றன.

மாயக் காட்சிகளும் அதே முறையில் அமைந்தன. சுவரிலிருந்து நீளும் கைகள் மெழுகுவர்த்திகளைப் பிடித்திருக்கும். தந்தை நடக்க நடக்க அவை தாமாகவே எரியத் தொடங்கும். அவை உண்மையான மனிதர்களின் கைகள். எரியும் திரிகளை ஒவ்வொன்றாக அணைத்து, நடிகரைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியதால் அந்த அற்புதம் கிடைத்தது. அழகி கால் அசைக்காமல் மிதந்து போவது சக்கரம் பூட்டிய பலகையால். ஒளிப்பதிவாளர் ஆன்றி அலெகானிடம் கொக்தோ கேட்டது மங்கலான கனவு ஒளியை அல்ல. எல்லாம் துல்லியமாக, செய்திப்படம் போலத் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தினார். கனவு தெளிவாக இருந்தால்தான் நம்ப முடியும் என்பது அவர் கருத்து. தேவதைக் கதை என்றவுடன் பனிப்புகையை ஊதிவிடும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

நடுவில் உடல் அவரைக் கைவிட்டது. கடுமையான தோல்நோய் முகத்தைப் புண்ணாக்கியது. வெளிச்சம் தாங்காமல், தொப்பியிலிருந்து கறுப்புத் தாளைத் தொங்கவிட்டு, கண்ணுக்கும் வாய்க்கும் துளையிட்டுக்கொண்டு படப்பிடிப்பை நடத்தினார். விலங்கின் முகமூடிக்குள் ஒருவர், தாள் முகமூடிக்குள் ஒருவர் என இருவரும் எதிரெதிரே நின்று வேலை செய்த நாள்கள் அவை. கடைசியில் மருத்துவமனையில் சேர்த்துப் பெனிசிலின் கொடுக்க வேண்டியதாயிற்று. படப்பிடிப்பு சில காலம் நின்றது. 1946 ஜனவரியில் முடிந்த படம் அந்த ஆண்டே திரைக்கு வந்து, லூயி தெலுக் பரிசைப் பெற்றது.

படத்தின் தொடக்கத்தில் கொக்தோ கரும்பலகையில் எழுதுகிறார்; பிறகு, குழந்தைகளைப் போல நம்பும்படி பார்வையாளரைக் கேட்டுக்கொள்கிறார். முகாம்களின் செய்திகள் வெளிவந்துகொண்டிருந்த ஆண்டில் அது சிறிய வேண்டுகோள் அல்ல. மனிதர் விலங்கானதைக் கண்ட மக்களிடம், விலங்கு மனிதராவதை நம்பும்படி அவர் கேட்டார். பிரேக்கரைப் புகழ்ந்தவருக்கு அதைக் கேட்கும் தகுதி இருந்ததா என்று எனக்குள் நெடுநாள் வாதம் நடந்தது. அந்தப் படத்தில் விலங்கு தன் இரத்தக் கறை படிந்த கைகளைக் கண்டு வெட்கப்படும் இடம் ஒன்று வரும். அதை எடுத்தவர் தம்மைப் பற்றியும் ஏதோ அறிந்திருந்தார் என்று நம்பவே இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மூலிகைகளுக்கு நடுவே

பிறகு வந்த 'ஓர்ஃபே' 1950இல் வெளியாகி அவருடைய இன்னொரு பெரும் படமாக நிலைத்தது. 1955இல் பிரெஞ்சு அக்காதெமி அவரை உறுப்பினராக்கியது. அந்தச் சடங்குக்குரிய வாளைத் தாமே வடிவமைத்து, நகைக்கடையில் செய்வித்துக்கொண்டார். கடைசிப் படமான 'ஓர்ஃபேயின் மரண சாசனம்' 1960இல் வந்தது. தென் பிரான்சின் லே போ என்னும் ஊரின் கல்லுடைப்புக் குகைகளில் தாமே கவிஞராக நடந்து திரிந்தார். அதில் அவர் கையில் ஏந்தி வரும் பூ, மலேசிய மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிந்த செம்பருத்தி.

மீன் பிடிப்போருக்கான பழைய தேவாலயம் ஒன்றின் சுவர்களை வில்ஃபிராஞ்சு துறைமுகத்தில் வரைந்து நிரப்பினார். மிய்-லா-ஃபொரே என்ற ஊரின் சிற்றாலயச் சுவர்களில் மருத்துவ மூலிகைகளை ஆளுயரத்துக்கும் மேலாக வரைந்தார். 1963 அக்டோபர் 11ஆம் நாள், தோழி எதித் பியாஃப் இறந்த செய்தி பரவிய அதே நாளில், அவரும் மறைந்தார். அந்த மூலிகை ஓவியங்களுக்கு நடுவேதான் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நமக்கு எஞ்சியது

அவர் விதைத்தது அழியவில்லை. 1970இல் ழாக் தெமி 'கழுதைத் தோல்' என்ற தேவதைக் கதையைப் படமாக்கியபோது, அரசராக நடிக்க ழான் மரேயையே அழைத்தார். 1994இல் பிலிப் கிளாஸ் 'அழகியும் விலங்கும்' படத்துக்குப் புதிய இசை நாடகம் அமைத்தார். 2020 ஜூலையில், பெருந்தொற்றால் ஆடை அணிவகுப்பு நடத்த முடியாத நிலையில், டியோர் நிறுவனம் இத்தாலிய இயக்குநர் மத்தேயோ கரோனேயைக் கொண்டு ஒரு குறும்படம் எடுத்தது. பெட்டிக்குள் அடுக்கிய பொம்மை அளவு ஆடைகளைச் சுமந்து இருவர் காட்டுக்குள் போகிறார்கள். வனதேவதைகளும் கடற்கன்னியும் அவற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். 1945இன் கம்பிப் பொம்மைகளே அதற்கு முன்மாதிரி. தட்டுப்பாடு வந்ததும் ஆடை உலகம் மறுபடி தேவதைக் கதையிடம்தான் ஓடியது.

அழகான அந்தப் படத்தில் நடித்தோர் அனைவரும் வெள்ளையராக இருந்ததைப் பலர் கண்டித்தார்கள். கண்டனம் நியாயமானது. 'நீலக் கடவுள்' காலத்தில் நம்மைப் போன்றோர் ஆடையாக மட்டும் மேடையேறினோம். நூறாண்டு கழித்தும் அந்தக் காட்டுக்குள் நமக்கு இடம் இல்லை. அந்த இடத்தை யாரும் நமக்குத் தரப்போவதில்லை; நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே, அடுத்து நாடகமோ குறும்படமோ எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். பணம் இல்லை, கருவி இல்லை, துணி இல்லை என்று கைகட்டி நிற்காதீர்கள். ஒட்டில்லாத படுக்கை விரிப்பைத் தேடி அலைந்தவர்தான் உலகம் மறக்காத படத்தை எடுத்தார். நமக்குச் சொல்லக் கதைகள் இருக்கின்றன; படம்பிடிக்க ரப்பர் தோட்டமும் சதுப்புக்காடும் இருக்கின்றன. புகையை ஊதி மறைக்காமல், எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுங்கள். யாருக்காக எடுக்கிறோம், யாருடைய துயரத்தைப் பாராமல் விடுகிறோம் என்பதையும் மறவாதீர்கள். கொக்தோவின் திறமையிலிருந்து முதல் பாடத்தையும், அவருடைய தவற்றிலிருந்து இரண்டாம் பாடத்தையும் நாம் கற்றுக்கொள்ளலாம்.